அக்ரூட்டும் ஒரு கூறு கவலையும்

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் மூன்று டப்பாக்கள் இருக்கின்றன. மூன்றிலும் அக்ரூட் பருப்பு. இப்போது கடைகளில் ‘வால்நட்’ என்று சொன்னால்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். சென்னையில் இருக்கும் மகள் மாதம் தவறாமல் வாங்கி அனுப்புகிறாள். கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல். முதல் டப்பா தீர்வதற்குள் மூன்றாவது டப்பா வந்துவிடுகிறது. தினமும் காலையில் நானும் என் மனைவியும் ஊறவைத்த நான்கு நான்கு துண்டுகளை மாத்திரை மாதிரி மென்று விழுங்குகிறோம்.

அக்ரூட்டின் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. சொல்லப் போனால் எங்கள் கோட்டைக்குப்பத்தில் அந்த மரத்தடியில் நின்று, அதன் காயைப் பச்சைத் தோலோடு கையில் பிடித்துப் பார்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் அந்த டப்பாக்கள் வந்த பிறகு எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் பலர் வீட்டிலும் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் என் மனைவிக்கு நெஞ்சு வலி வந்து, சென்னையில் ஸ்டென்ட் வைத்தார்கள். நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தாள். வரும்போது கையில் ஒரு உணவுத் தாள் கொடுத்து அனுப்பினார்கள். அச்சடித்த தாள். எல்லாருக்கும் அதே தாள்தான். ‘பாதாம் 5, வால்நட் 4’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே, ‘அசைவம் தவிர்க்கவும்’ என்று இன்னொரு வரி.

அந்த ஒரு சொல்லில் ஆட்டுக்கறியும் அடங்கிவிட்டது, மீனும் அடங்கிவிட்டது. மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்து, மீன்பிடிக்கிற ஊரில் வாழ்க்கைப்பட்டு, அறுபத்தைந்து வயது வரை மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காத ஒருத்தி எட்டு மாதம் மீனைத் தொடவில்லை. பயம். டாக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம். அவளுக்காக நானும் நிறுத்தினேன். சாம்பார், ரசம், கீரை, அக்ரூட். அவள் சாப்பாடு பாதியாகக் குறைந்தது. தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். வாய் திறந்து ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் தெருவில் மீன் கூடை வரும் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஒருநாள் கூடைக்காரப் பெண் வாசலிலேயே கூடையை இறக்கிவிட்டாள்.

“இன்னா பெரிம்மா, நம்ம கூடைல கை வெச்சு எட்டு மாசமாவுது. எம்மேல எதுனா கோவமா?”

“கோவம் இன்னாடி கோவம். டாக்டர் வேணான்னுட்டாரு.”

“மீனு வேணான்னு சொன்னாரா? எந்த ஊரு டாக்டரு அவரு?”

அவள் விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால் எனக்கு உறைத்தது. அடுத்த முறை பரிசோதனைக்குப் போனபோது அங்கே ஒரு இளம் பெண் மருத்துவர் இருந்தார். “மீன் சாப்பிடறீங்களாம்மா?” என்று அவராகவே கேட்டார். நிறுத்திவிட்டோம் என்றதும், “யார் நிறுத்தச் சொன்னாங்க?” என்றார். நான் தாளை நீட்டினேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேனாவை எடுத்து ‘அசைவம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்: ‘மீன் சாப்பிடலாம். குழம்பாக. வறுக்க வேண்டாம். கருவாடு வேண்டாம்.’

அன்று மாலையே ஒரு கூறு கவலை வாங்கினோம். அவள் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

இதைச் சொல்லிவிட்டேன். இனி அக்ரூட்டுக்கு வருகிறேன். அதற்கும் நியாயம் செய்ய வேண்டும் அல்லவா?

நான் தபால் துறையில் வேலை பார்த்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். 1983-இல் ராணுவத் தபால் சேவைக்கு அயற்பணியில் என்னை அனுப்பினார்கள். பாரமுல்லா பக்கம் மூன்று வருடம். உப்புக்காற்றிலேயே வளர்ந்தவனுக்கு அந்தக் குளிர் ஒரு தண்டனை. முகாமுக்கு வெளியே சின்னக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர்தான் எனக்குத் துணை. ‘சாச்சா’ என்று கூப்பிடுவேன். என் அரைகுறை இந்தி அவருக்குப் புரிந்தது.

அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய அக்ரூட் மரம் நின்றது. நம் ஊர்ப் புளியமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், இன்னும் உயரமாக. எண்பது, தொண்ணூறு அடிகூட வளரக்கூடிய மரம் அது. செப்டம்பரில் காய் முற்றும். இளைஞர்கள் மேலே ஏறி நீண்ட கழியால் அடித்து உதிர்ப்பார்கள். கீழே பெண்கள் பொறுக்கி, பச்சைத் தோலை உரிப்பார்கள். அந்தத் தோலின் சாறு பட்டால் கை கறுத்துவிடும். சோப்பு போட்டாலும் போகாது, வாரக்கணக்கில் நிற்கும். அந்தப் பருவத்தில் தபால் வாங்க வருகிறவர்களின் கையைப் பார்த்தே யார் வீட்டில் அக்ரூட் உரிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். நம் பெண்கள் இறால் உரித்த கையோடு வருவது நினைவுக்கு வரும்.

வருடாவருடம் அந்த மரத்திலிருந்து விழுந்து ஆட்கள் சாகிறார்கள். இன்றும் செய்தித்தாளில் அறுவடைக் காலத்தில் பார்க்கலாம். நாம் கட்டுமரத்தில் போய் ஆட்களைப் பறிகொடுத்த மாதிரிதான். எந்த ஊரிலும் தின்கிற பொருள் சும்மா வருவதில்லை.

விதை போட்டு வளர்த்தால் அந்த மரம் நன்றாகக் காய்க்கப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். இப்போது ஒட்டுக் கன்றுகள் வந்துவிட்டன, அவை நாலைந்து வருடத்தில் காய்க்குமாம். ஆனால் சாச்சாவின் மரம் அவருடைய தாத்தா வைத்தது. “எங்க தாத்தா இதுல எத்தனை காய் தின்னிருப்பாரு? நான்தான் தின்கிறேன்” என்பார். அவருடைய நிலத்தில் அவருடைய மரம்தான். இருந்தாலும் அவர் நினைத்தபடி அதை வெட்ட முடியாது, அனுமதி வேண்டும். சினார் மரத்தையும் அக்ரூட் மரத்தையும் காப்பதற்கென்றே அந்த மாநிலத்தில் 1969-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பி வருகிறேன்.

அக்ரூட் என்பது ஒரே ஒரு மரம் அல்ல. அந்தக் குலத்தில் உலகம் முழுவதும் இருபது வகைகள் அளவில் உண்டு. ‘ஜுக்லன்ஸ்’ என்பது தாவரவியலார் வைத்த பெயர், ‘ஜுபிடரின் கொட்டை’ என்று பொருள். கடைகளில் விற்கிற பீக்கன் பருப்பு மரமும் இதற்குச் சொந்தக்கார மரம்தான். நாம் தின்பது ‘ஜுக்லன்ஸ் ரீஜியா’ என்ற வகை. இந்தியாவில் காஷ்மீர், இமாச்சல், உத்தராகண்ட், அருணாசலம் என்று மலைக்குளிரில் மட்டுமே விளைகிறது. விளைச்சலில் பெரும்பங்கு காஷ்மீருடையது. நம் உப்பு மணலில் அது முளைக்கவே முளைக்காது. வாசலில் நாம் வளர்க்கும் நாட்டு வாதுமை மரத்துக்கும் இதற்கும் உறவே கிடையாது.

‘வால்நட்’ என்ற ஆங்கிலச் சொல்லிலேயே ஒரு வேடிக்கை உண்டு. பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘அந்நிய நாட்டுக் கொட்டை’ என்று அர்த்தம். இங்கிலாந்துக்காரனுக்கே அது வெளியூர்ச் சரக்கு. நமக்குக் கேட்க வேண்டுமா?

ஒரு தடவை பார்சலில் அரைக் கிலோ அக்ரூட் அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மிக்குழவியால் உடைத்து ஒரு துண்டு வாயில் போட்டாளாம். “சிக்குப் புடிச்ச கொப்பரை மாதிரி கசக்குது. இத்தத் தின்னுட்டா அங்க பொழைக்கிறாங்கோ? மீனு இல்லாத ஊரு போல, பாவம்” என்று சொல்லி, மிச்சத்தைத் தெருப் பிள்ளைகளிடம் கோலி விளையாடக் கொடுத்துவிட்டாள். தம்பி கடிதத்தில் எழுதியிருந்தான். அம்மா சொன்னது பாதிதான் சரி. அங்கேயும் ஏரி உண்டு, ஆறு உண்டு. பனிக்காலத்துக்கென்று மீனை உலர்த்திக்கூட வைக்கிறார்கள். ஆனால் பனி மூடிய மாதங்களில் வீட்டில் இருக்கிற கொழுப்பும் சத்தும் அந்தக் கொட்டைக்குள் இருக்கிறது. நமக்கு ஐப்பசி, கார்த்திகைப் புயலில் கருவாடு எப்படியோ, அவர்களுக்கு அக்ரூட் அப்படி. இதைச் சாச்சாவிடம் சொன்னபோது கருவாடு என்றால் என்ன என்று அரை மணி நேரம் கேட்டார். அவர் கடலையே பார்த்ததில்லை.

சரி, இப்போது வாட்ஸ்அப்புக்கு வருவோம்.

‘வால்நட் மூளை மாதிரி இருக்கிறது, எனவே மூளைக்கு நல்லது’ என்று ஒரு செய்தி சுற்றுகிறது. எனக்கே இதுவரை ஏழெட்டு பேர் அனுப்பிவிட்டார்கள். இது புதிய விஞ்ஞானம் அல்ல. எந்தப் பொருள் எந்த உறுப்பு மாதிரி இருக்கிறதோ அதற்கு அது மருந்து என்று பல நூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் நம்பினார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் நண்டுக்குப் பத்துக் கால் இருக்கிறதே, மூட்டுவலிக்கு அதைவிட மருந்து உண்டா?

அக்ரூட்டில் உண்மையான நன்மை வேறு. அதில் ஒமேகா-3 என்ற கொழுப்பு இருக்கிறது. 100 கிராம் பருப்பில் ஏறக்குறைய 9 கிராம். கொட்டை வகைகளில் இது மிக அதிகம். இதயத்துக்கு நல்லது என்று சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. ஸ்பெயின் நாட்டில் 7,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. பிறகு ஆட்களைப் பிரித்த முறையில் குறை கண்டுபிடித்து, கணக்கைத் திருத்தி 2018-இல் மறுபடியும் வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. அதில் ஒரு பிரிவினருக்குத் தினமும் 30 கிராம் கொட்டைகள் கொடுத்தார்கள், பாதி அக்ரூட். அவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைவாக வந்தன. அக்ரூட்டின் பெருமை பேசுகிறவர்கள் எல்லாரும் இந்த ஆய்வைத்தான் காட்டுகிறார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த ஆய்வில் அதே ஆட்களிடம் வாரத்துக்கு மூன்று முறையாவது மீன் சாப்பிடச் சொன்னார்கள்! மீனை நிறுத்திவிட்டு அக்ரூட் தின்னச் சொல்லவில்லை. மீனோடு சேர்த்துத்தான் அக்ரூட்.

இன்னொன்று. ஒமேகா-3 என்று ஒரே பெயரில் சொன்னாலும் அக்ரூட்டில் இருப்பது ஒரு வகை, மீனில் இருப்பது வேறு வகை. இதயமும் மூளையும் நேரடியாகப் பயன்படுத்திக்கொள்வது மீனில் இருக்கும் வகையைத்தான். அக்ரூட்டில் இருப்பதை நம் உடம்பு அந்த வகையாக மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படி மாறுவது கொஞ்சமே கொஞ்சம். மூளைக்கு முக்கியமான டி.எச்.ஏ. என்பதாக மாறுவது அதைவிடவும் சொற்பம். மூளைக்காக என்றுதானே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்? அந்த டி.எச்.ஏ. நம் கவலையிலும் மத்தியிலும் காணாங்கெளுத்தியிலும் சமைத்த கையோடு கிடைக்கிறது. அமெரிக்க இதயச் சங்கமே வாரத்துக்கு இரண்டு முறை மீன் சாப்பிடச் சொல்கிறது, அதுவும் கொழுப்புள்ள மீனாகப் பார்த்து. பெரிய சுறா மாதிரி மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கக்கூடும். சின்ன மீன்களில் அது குறைவு. கூறு கட்டி விற்கும் ஏழை மீன்தான் இந்த விஷயத்தில் பணக்கார மீன்.

இங்கே என்ன நடக்கிறது பாருங்கள். கவலையும் மத்தியும் கோழித் தீவனத்துக்கும் மீன் தூள் ஆலைக்கும் போகின்றன. மடவையும் நண்டும் இறாலும் ஐஸ் பெட்டியில் சென்னைக்குப் போகின்றன. அதை விற்ற பணத்தில் நாம் சிலியிலிருந்தும் கலிபோர்னியாவிலிருந்தும் வருகிற கொட்டையை வாங்கித் தின்கிறோம். காஷ்மீர்க் கொட்டை என்றாலாவது சாச்சாவின் பேரனுக்கு நாலு காசு போகிறது என்று ஆறுதல் கொள்ளலாம். அது கிடைப்பதே அரிதாகிவிட்டது.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அக்ரூட் ஒரு வரம். வசதி இருந்தால் நீங்களும் தின்னுங்கள், நானும் தின்கிறேன். மருத்துவர் குறிப்பாக உங்களுக்கு மீன் வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள். நான் தபால்காரன், வைத்தியன் இல்லை. என் வாதம் இவ்வளவுதான்: அச்சடித்த தாளில் ‘அசைவம்’ என்று ஒரு சொல் இருப்பதற்காக நாமாகவே மீனை நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் வாயைத் திறந்து கேளுங்கள். “நாங்கள் மீன்பிடி ஊர். மீன் சாப்பிடலாமா, எந்த மீன், எப்படிச் சமைக்க வேண்டும்?” என்று கேளுங்கள். தாள் அடித்தவருக்கு நாம் யார் என்று தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

நம் பாட்டிமார்களுக்கு இது தெரிந்திருந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா, காய்ச்சலில் எழுந்தவனுக்குக் கிழங்கான். அவர்களுக்கு ஒமேகா தெரியாது, ஆளைத் தெரியும். அதே சமயம் அவர்கள் செய்ததெல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். ரத்த அழுத்தம் உள்ளவனுக்குக் கருவாட்டு உப்பு ஆகாது. எண்ணெயில் முக்கி எடுத்த வறுவல் ஸ்டென்ட் வைத்தவளுக்கு ஆகாது. புளி கரைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, குழம்பாக வைத்துச் சாப்பிடுவதில் என்ன கஷ்டம்?

கடைசியில் அந்த 1969 சட்டம்.

காஷ்மீரில் தங்கள் ஊருக்குச் சோறு போடுகிற மரம் எது என்று தெரிந்துகொண்டு, சொந்தக்காரனே ஆனாலும் தொடாதே என்று காவல் போட்டார்கள். நமக்கு அப்படிப்பட்ட மரம் எது? யோசித்துப் பார்த்தால் நமக்கு மரம் இல்லை, பழவேற்காடு ஏரிதான். சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. முகத்துவாரம் திறந்திருந்தால் கடல் தண்ணீரோடு மீன் குஞ்சும் இறால் குஞ்சும் உள்ளே வரும். மணல் மூடிவிட்டால் எல்லாம் போச்சு. ஏரி நமக்கும் தாத்தா விட்டுவிட்டுப் போன சொத்துதான். அவர்கள் காவலும் போட்டு வைத்திருந்தார்கள். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் என்று மூன்று குப்பத்தாரும் பாடு முறையில் சீட்டுப் போட்டு, இன்று யார், எந்த இடத்தில் வலை போடலாம் என்று பிரித்துக்கொண்டார்களே, அது நமது 1969 சட்டம். அதைவிடப் பழையது. பேராசைக்காரன் ஒருவன் மொத்தத்தையும் வாரிக்கொண்டு போகாமல் அதுதான் பார்த்துக்கொண்டது.

மீன் நம் தட்டிலிருந்து போய்விட்டால், ஏரியைப் பற்றிய அக்கறையும் பின்னாலேயே போய்விடும் என்று பயப்படுகிறேன். முகத்துவாரம் தூர்ந்தால் என்ன, கழிவு கலந்தால் என்ன, நமக்குத்தான் டப்பாவில் வால்நட் வருகிறதே என்று அடுத்த தலைமுறை நினைத்துவிடும். தன் தாத்தாவின் மரத்துக் காயைத் தின்றதால்தான் சாச்சா அந்த மரத்தைக் காத்தார்.

மகளுக்கு நேற்று போன் செய்தேன். இரண்டு மாதத்துக்கு வால்நட் அனுப்ப வேண்டாம், இருப்பதே போதும் என்றேன். “ஏம்ப்பா, அம்மாக்கு நல்லதாச்சே?” என்றாள். நல்லதுதான், ஆனால் அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து, அடுத்த தடவை பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே நாலு நாள் வந்து தங்கு என்றேன். பிள்ளைகளுக்கு முள் எடுத்துத் தின்னத் தெரியவில்லை. அதை அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய வயதில்தான் நானும் இருக்கிறேன், நீங்களும் இருக்கிறீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் கூடைச் சத்தம் கேட்கிறது. என் மனைவி உள்ளே போகவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறாள். என்ன மீன் என்று பார்க்க நானும் எழுந்திருக்கிறேன்.